கந்தோர் வாசலில் கழற்றாத சப்பாத்து

என் உயிருக்கு நெருங்கிய மச்சான் ஜவாத்துக்கு,

ஸலாம். நாட்டு நடப்பு, ஊர் நடப்பு என்று எவ்வளவோ எழுதி அச்சில் பார்த்துவிட்டேன். ஒரு சோடிச் சப்பாத்தைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் உன்னுடைய சப்பாத்து.

என் தங்கை நஸீமா நீ இறந்த பிறகு உனக்காக வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த மாதங்கள் முழுக்க அது உங்கள் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. இத்தா முடிந்த பிறகுதான் வெளியே எடுத்தாள். தோல் காய்ந்து மட்டையாகியிருந்தது. விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு. சுற்றிவர வெள்ளைக் கோடு, உப்புத்தண்ணீர் ஏறி இறங்கிய உயரத்துக்கு.

"யாருக்காவது குடுத்திடுவமா?" என்று கேட்டேன்.

"குடுக்கவா நான் எடுத்த? அதுக்கு இன்னும் வேல இரிக்கி நானா. சரிப்படுத்தித் தாங்க" என்று அண்ணன் என் கையிலேயே தந்தாள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீங்கள் வேலை செய்த உப்பளத்தில் பாத்திக்கருகே ஒரு பைப் இருந்தது. நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் வெறுங்காலோடு நின்றவர்கள் வீட்டுக்குப் போகுமுன் கால் கழுவ இருந்த ஒரே நல்ல தண்ணீர் அதுதான். யுத்தம் முடிந்தது, ரோடு சீரானது, லொறிகள் கூடின. பைப்பை லொறி நிற்கும் பக்கம் திருப்பிவிட்டார்கள். உப்பு இரும்பைத் தின்னும் என்பதால் லொறிக்குக் குளிப்பு. கால்களுக்கு ஒன்றுமில்லை.

அதைக் கேட்க மனேஜர் இருக்கும் கந்தோருக்குப் போக வேண்டும். போனால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சப்பாத்தோடுதான் இருந்தார்கள். நீ புத்தளம் டவுனுக்குப் போய்க் கறுப்புத் தோல் சப்பாத்து வாங்கியது அதற்காகத்தானே?

வாசலில் நின்ற கங்காணி சிரித்தான். "அகதிக்குச் சப்பாத்து ஒண்டுதான் கொற! கழட்டிட்டு வா."

"அல்லாட பள்ளி வாசல்ல கழட்டுறன். ஒங்கட கந்தோர் என்ன பள்ளியா?" என்றாய். கழற்றாமலே உள்ளே போனாய்.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டி, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தபோது நீ சிறுபிள்ளை. இங்கேயே வளர்ந்தாய், இங்கேயே கலியாணம் செய்தாய், இந்த ஊர் உப்பை வாரிக் குவித்தாய். யுத்தம் முடிந்தும் அந்த 'அகதி' என்ற ஒரு சொல் மட்டும் ஏன் முடியவில்லை?

உள்ளே மனேஜரிடம் நீ கேட்டதை நஸீமா இன்றைக்கும் அப்படியே சொல்கிறாள். "லொறிய உப்புத் திண்டுடும் எண்டு கழுவுறீங்க. எங்கட கால் என்ன, இரும்ப விடக் கெட்டியா?"

"பார்ப்போம்" என்றார் அவர். நீ மறுபடி போனாய், மறுபடியும் போனாய். போகும்போதெல்லாம் ஈர வரம்பு வழியே நடந்ததில்தான் சப்பாத்தில் இவ்வளவு உப்பும் ஏறியது. அந்தப் "பார்ப்போம்" முடியுமுன் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

சரி, சப்பாத்தின் கதைக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் கறுப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. இரண்டு நாளில் வெள்ளை மறுபடி மேலே வந்துவிட்டது.

நீ போன பிறகு நஸீமா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "உப்ப உள்ளுக்கு வெச்சிட்டு மேல பூசினா? நீங்களும் அந்தக் கந்தோர்க்காரன் மாதிரித்தான் நானா. பெருநாளைக்கு முந்திச் செவருக்குப் பெயின்ட் அடிச்சான். இப்ப உரியுது."

பொலிஷைத் துடைத்தெடுத்தேன். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்தேன். பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால். வெள்ளை வராத வரைக்கும் திரும்பத் திரும்ப அதுதான் வேலை. வடிவம் கெடாமலிருக்க உள்ளே பேப்பர் திணித்து, வெயில் படாத இடத்தில் காயவிட்டேன். திணித்தது நான் எழுதும் பத்திரிகைதான். "இதுக்காச்சும் ஒதவுதே" என்று சொல்லியிருப்பாய், என்ன?

காய்ந்த பிறகு தோலுக்குப் பூசும் எண்ணெயை விரலால் தடவினேன். காய்ந்த தோல் அவசரத்துக்கு ஏற்காது. கொஞ்சம் பூசி, அது இறங்கியதும் இன்னும் கொஞ்சம். மெல்ல மெல்ல மடிய ஆரம்பித்தது. வெடிப்பு மறையவில்லை. ஆனால் மடித்தால் இனி உடையாது.

நானே போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போகவா என்று கேட்டேன்.

"நீங்க போனா பேப்பர்காரர் எண்டு தேத்தண்ணி குடுத்து அனுப்புவான். கால் எரியிறது எனக்கு."

ஓம் மச்சான், உன் பாத்தியில் இப்போது நஸீமாதான் வேலை செய்கிறாள்.

"ஒனக்குப் பெரிசா இரிக்குமே?"

"முன்னுக்குப் பேப்பர் வெச்சிக்கிடுவன்."

திங்கட்கிழமை போனாள். கறுப்பு அபாயா, அதற்குக் கீழே உன் சப்பாத்து. அவளுக்குப் பின்னால் பாத்திப் பெண்கள். நான் வெளியே கேற்று வாசலடியில் நின்றேன்.

கங்காணி குனிந்து பார்த்தான். "என்ன இது, புருசன்ட சப்பாத்தா? கழட்டிட்டு வாங்க."

"கழட்டுறன். பைப்ப இந்தப் பக்கம் திருப்பி விடுங்க. கழட்டிட்டுக் காலக் கழுவுறன்."

பெண்கள் சத்தமாகச் சிரித்தார்கள். அவன் விலகினான். அவள் உள்ளே போனாள். பின்னால் போனவர்களில் ஒருத்திகூடச் செருப்பைக் கழற்றவில்லை.

மனேஜர் அதே பதிலைத்தான் சொன்னார். "பார்ப்போம்."

"நல்லம். நாங்களும் வந்து வந்து பாக்கிறம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் போகிறார்கள். தண்ணீர் இன்னும் லொறிக்குத்தான் ஓடுகிறது. உன்னிடம் அதை மறைக்கமாட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரங்களில் நஸீமா சப்பாத்தை என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், புதிதாக ஒரு வெள்ளைக் கோட்டோடு. நான் துடைக்கிறேன், எண்ணெய் பூசுகிறேன், அடுத்த திங்களுக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான்: அந்தப் பைப் பாத்திப் பக்கம் திரும்பும் வரை உன் சப்பாத்தைக் காயவிடமாட்டேன். திரும்பும் அன்று, அவள் அதைக் கழற்றிவிட்டுக் கால் கழுவுவதை வந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
நஸீமாவின் நானா