பட்டுறை நீக்கிய டிஸ்க் குறித்து ஆழிமுனையின் மறுமொழி

கொடி தாழாக் கோட்டைகளை உடைய செம்பரிதி நாட்டின் பேரமைச்சர், மன்னரின் முத்திரை காப்பவர், கோவேந்தனார் திருமுன் ஆழிமுனைத் துறையின் தலைவி அலர்மேனி விடுக்கும் ஓலை. தலைநகரில் மழை தவறாதிருக்க. மன்னர் நெடிது வாழ்க. இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரை அமைச்சரின் சினம் பொறுத்திருக்க.

துறையின் சிறு சர்வருக்கென அமைச்சர் அனுப்பிய பெரிய டிஸ்க் செம்பட்டில் பொதிந்து மேளதாளத்தோடு வந்தது. அரசர் கொடையின் பட்டுறையை நீக்கலாகாது என்பது நாட்டு வழக்கம். ஆகவே அமைச்சரின் ஆட்கள் பட்டில் கேபிள் நுழையுமளவு துளையிட்டு, பல கருவிகளைச் சர்வரோடு இணைக்கும், தனி மின்சாரமில்லாத ஒரு ஹப்பில், காற்றளவிக் கருவிகளோடு அதையும் சேர்த்துப் பூட்டினர்.

கார்காலப் புயலன்று, காற்றுத் திரும்பியதைச் சர்வர் அறிவிக்க வேண்டிய வேளையில், பட்டுக்குள் வெந்த டிஸ்க் நின்றுபோனது. மின்சாரம் போதாத ஹப் கருவிகளையும் கைவிட்டது. படகுகள் நடுக்கடலில் இருந்தன. கடைசிப் படகு கரை தொடும்வரை தலைவி மழையில் நின்றார். அனைவரும் மீண்டது கடலின் கருணையேயன்றி டிஸ்க்கின் திறமன்று.

அன்றே பட்டு உருவப்பட்டது. டிஸ்க் பிழைக்கவில்லை. கொள்ளளவு குறைவென்று தலைநகர் நகைக்கும் என அறிந்தே, சுழலும் தட்டில்லாத சிறு டிஸ்க்குகள் இரண்டைத் தலைவி தேர்ந்தார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் உண்டு. ஹப்பின் தயவின்றி, குட்டையான கேபிளால் சர்வரிலேயே நேராக இணைந்துள்ளன. அதன் பின்னும் புயல் வந்தது. சர்வர் வாய் மூடவில்லை.

இந்நிலையில் அமைச்சரின் கட்டளை வந்துள்ளது. முன்னதினும் பெரிய டிஸ்க் ஒன்று வண்டியில் வருகிறதாம். அதைப் பழையபடி ஹப்பில் பூட்ட வேண்டுமாம். பட்டு இம்முறை இரட்டை மடிப்பாம். உறை நீக்கிய குற்றத்துக்காகச் சர்வர்க் காவலர் பூதங்கண்ணனை விலங்கிட்டு அனுப்பவும் வேண்டுமாம்.

பூதங்கண்ணன் வரமாட்டார். வழக்கம் மீறுவதாகுமே என்று அவர் பின்வாங்கினார். பட்டை உருவியது தலைவியின் கை. தம் கணவர் குற்றமற்றவர் என்று அவர் மனைவி வாயிலில் வந்து முறையிட்டபோது, ஆழிமுனையில் ஒரு படகு மிதக்கும்வரை அவரை யாரும் தொட முடியாது எனத் தலைவி வாக்களித்தார். வாக்கு மாறாது. விலங்கு வேண்டுமெனில் தலைவியின் கைக்கு அளவெடுக்க ஆள் அனுப்புக.

அமைச்சரின் வண்டியைச் சுங்கவாயிலிலேயே திருப்புமாறு துறைக்காவலர்க்கு ஆணை பிறந்துவிட்டது. சுறா முத்திரை பதித்து, சபையோர் அறிய இவ்வோலை விடுக்கப்படுகிறது.

ஓலைக்குச் சூடேறாது என்பதால், அமைச்சர் அனுப்பிய அதே செம்பட்டில் இது பொதியப்பட்டுள்ளது. இதைப் படிக்கும் அமைச்சர், அரசர் கொடையின் பட்டுறையைத் தம் கையாலேயே நீக்கியவராகிறார். ஆகவே விலங்கு செய்விக்கும்போது இரண்டு சோடியாகச் செய்விக்க.