விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

புக்கிட் காத்தில்,
மலாக்கா.

அன்பு மகள் வாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். அயர்லாந்துக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போனை உன் அப்பாவும் எடுத்துப் பார்க்கிறார். இப்போதைக்கு அவர் கண்ணில் படக் கூடாத விஷயம் இது.

போன வருடம் பாசாரில் மீன் வாங்கும்போது அவர் மயங்கி விழுந்தது உனக்குத் தெரியும். இருதயம் தாறுமாறாக ஓடுகிறது என்று சொல்லி, துடிப்பைச் சீராக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. கூடவே யாரும் கேட்காத வேலையும் செய்கிறது. வெயில் பட்டால் முகம் எரிகிறது. கன்னமும் மூக்கும் கறுத்துச் சாம்பல் நீலமாகிவிட்டன. அங்கிள் மறுபடியும் எஸ்டேட் வேலைக்குப் போகிறாரா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். தொப்பி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டால் கோல்ஃப் விளையாடப் போகிற, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மாதிரி இருக்கிறது என்று காரிலேயே வைத்துவிட்டு இறங்குகிறார். இதெல்லாம் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை.

உனக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பல மாதம் அவர் அவராகவே இல்லை. எந்நேரமும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். குளிக்கும்போது கதவைத் தாழிட மாட்டார். நான் வெளியே நின்று எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச எதுவும் இல்லாதபோது கோழி என்ன விலை, பூண்டு என்ன விலை என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஃபேக்டரியில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, நம் மாரியம்மன் கோயிலில் மாலைப் பூஜை. தீபாராதனை காட்டும்போது என் கையை இறுகப் பிடித்தார். எரிகிற கற்பூரத்தைச் சுற்றி நீலமும் பச்சையுமாக ஒரு வளையம் தெரிந்ததாம். அதன் நடுவே அம்மன் முகமாம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் தலைவர் திருச்செல்வம் அண்ணனிடம் மட்டும் போய்ச் சொன்னார். “இதெல்லாம் எல்லாருக்கும் கிடைக்காது லா. வெளிய சொன்னா போயிடும், வாயத் தொறக்காதீங்க” என்று அவர் எச்சரித்து அனுப்பினார். அன்றிலிருந்து உன் அப்பா பழைய ஆள். தாழிட்டுக் குளிக்கிறார். உள்ளே பாட்டு வேறு. ரசத்தில் உப்பில்லை என்று மறுபடியும் சண்டைக்கு வருகிறார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விளக்கைப் பார்த்தால் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். உன் அப்பா வாய் கூசாமல், அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் கிளியர் என்றார். அவர் காரை எடுக்கப் போன நேரத்தில், மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த பவானேஸ்வரி என்ற நம் தமிழ்ப் பெண்ணிடம், டாக்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரித்தேன். “சில பேருக்கு லைட்டச் சுத்தி வளையம் மாதிரி தெரியும் ஆன்ட்டி, இந்த மாத்திரையாலதான். தெரிஞ்சா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், கண்ண செக் பண்ணுவாங்க. ஆனா நீங்களா மாத்திரய நிப்பாட்டிடாதீங்க, ஹார்ட் பழையபடி ஓட ஆரம்பிச்சிடும்” என்றாள். மருந்துப் பையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் காரில் ஏறினேன்.

திரும்பும்போது மழை பிடித்து, பொழுதும் சாய்ந்துவிட்டது. ஆயர் குரோ சிக்னலில் நின்றபோது, இந்தச் சிவப்பு விளக்கில் வளையம் தெரிகிறதா என்று மெதுவாகக் கேட்டேன். தெரிகிறதே என்றார். எதிரே வருகிற லாரி விளக்கில்? அதிலும்தான். “அம்மா எங்கதான் இல்ல, சொல்லு பாக்கியம்?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். வருகிற திருவிழாவில் பால்குடம் எடுப்பாராம், அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுவாராம். அம்மன் இவ்வளவு தூரம் காட்டிய பிறகும் மாத்திரையை விழுங்குவது அவளை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். நானும் அம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் லாரி விளக்கில் தெரிவது அம்மன் இல்லை, வாணி. அதை அவரிடம் சொல்லப் பல முறை வாயெடுத்தேன். பாட்டுப் பாடிக் குளிக்கிற மனிதரை மறுபடியும் நாடி பிடித்து உட்கார வைக்க மனம் வரவில்லை.

இப்போது முடிவு செய்துவிட்டேன். திருவிழாவுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை டாக்டர் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். உன் அப்பாவை வைத்துக்கொண்டே டாக்டரிடம் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறேன். தனியாக நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். என்மேல் கடும் கோபம் வரும். எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ. இருக்கட்டும். அவர் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் இருந்து எனக்குப் பழக்கம் உண்டு. அவரே இல்லாத வீட்டில் இருக்க எனக்குத் தெரியாது.

நீ எங்கிருந்தாலும் அம்மன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு உதவி செய். அந்த வியாழக்கிழமை நான் மிஸ்டு கால் கொடுத்ததும் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. டாக்டர், மாத்திரை என்று எதையும் எடுக்காதே. எனக்குப் பரிந்தும் பேசாதே. திருவிழாவில் பால்குடம் எடுக்கிறீர்களா அப்பா என்று மட்டும் கேள். வளையம் மாத்திரையால் வந்தது என்று தெரிந்த பிறகு அவர் மறுபடியும் நாடி பிடித்து உட்கார்ந்துவிடக் கூடாது; எடுக்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை போனை வைத்துவிடாதே, அம்மாடி.

உன் அம்மா,
பாக்கியலட்சுமி மருதமுத்து