துடைக்காமல் அனுப்பிய கத்தி

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் பாதி பொய். நலமில்லை என்று எழுதினால் என் தங்கை உட்கார்ந்து அழுவாள். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். பார்சல் வந்து சேர்ந்தது. நம் கத்திக் கிழவன் பத்திரமாக இருக்கிறான்.

இங்கே கடைத்தெருவில் புது மடக்குக் கத்திகள் பளபளவென்று தொங்குகின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விரலை எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அந்தக் கத்திக்கும் தெரியவில்லை. கிழவனைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நமக்கு முன்னால் எத்தனை பேர் தேய்த்த பள்ளமோ. பழைய இரும்புக் கடையில் நாம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியபோதே பெரிய அலகு தீட்டித் தீட்டி இளைத்துப்போயிருந்தது. இப்போது இன்னும் ஒல்லி. ஆனால் அட்டையில் வைத்துப் பார்த்தேன், சத்தம் போடாமல் இறங்குகிறான். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது. கத்தி என்றால் பையில் கிடக்க வேண்டும், சில்லறையோடு உரச வேண்டும்.

சரி, கத்தியைப் படிக்கும் நம் விளையாட்டுக்கு வருகிறேன். ஆறு மாதம் உன் பையில் இருந்தவன். வழக்கம்போலத் துடைக்காமல் அனுப்பியிருக்கிறாய், வழக்கம்போல நான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய அலகில் நீலம் பாரித்திருக்கிறது. தினமும் ஆப்பிள் தின்கிறாய், தங்கை மிரட்டியிருப்பாள். சின்ன அலகின் அடியில் அட்டைத்தூள். இன்னும் உன்னை அட்டைக் கட்டின் சணல் அறுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்குரூ டிரைவரின் முனை ஒரு ஓரம் புதிதாக உடைந்திருக்கிறது, மூட்டுக்குள் மஞ்சள் பெயின்ட் துணுக்கு. எதைப் போய் நெம்பினாய் ராசா? கிழவனைக் கடப்பாரை என்று நினைத்துவிட்டாயா?

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. எனக்காக நீ சொல்ல வேண்டியது ஒரே ஒரு உண்மைதான். அந்தத் திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தபோதே அட்டை வெட்டும் மிஷினில் பாதுகாப்புத் தகடு இல்லை. நான் ஆபீசுக்குப் போய்ப் புகார் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அவசர ஆர்டர் என்று அந்தப் பெண்ணை விட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு விரல் போனது. எனக்கு வேலை போனது. வேகமாக ஓட்டுவதற்காகத் தகட்டைக் கழற்றியது நான்தான் என்று முதலாளி எழுதிக்கொடுத்திருக்கிறார். அது நிலைத்தால் அவளுக்கும் நஷ்டஈடு கிடைக்காது, எனக்கும் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காது. என் பெயரைச் சொன்னதுமே இங்கே எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

இந்த ஆறு மாதம் என்னிடம் இருந்த சின்னக் கத்தி குட்டையை உனக்கு அனுப்பியிருக்கிறேன். இருப்பது ஒரே ஒரு அலகு, அதையும் துடைக்கவில்லை. படித்துச் சொல்.

உன் மச்சான்


மார்ச் 11

அன்பு மச்சானுக்கு,

குட்டை வந்தான். நீங்கள் பென்சில் சீவியிருக்கிறீர்கள், வேலைக்கு மனு எழுதத்தான் இருக்கும். அலகில் ரொட்டித் துணுக்கு இருக்கிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டாள். பிடி நன்றாகக் கை எண்ணெய் குடித்திருக்கிறது. ரொம்ப யோசிக்கிறீர்கள், யோசிக்கும்போது அதை உருட்டிக்கொண்டே இருப்பீர்கள். சரிதானே மச்சான்? நீங்கள் பக்கத்தில் இல்லாத குறையைக் குட்டைதான் தீர்க்கிறான்.

மஞ்சள் பெயின்ட் பெரிய விஷயமே இல்லை. சமையலறை ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தேன், டப்பா மூடியை இவனை வைத்துத் திறந்தேன். முனை உடைந்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

ஒரு சின்ன செய்தி. பகல் ஷிப்டை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தற்காலிகம்தான். சூப்பர்வைசர் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். வீட்டில் அதற்குள் கேலி ஆரம்பித்துவிட்டது.

விசாரணைக்கு வருவேன். நான் இருக்கும்போது நீங்கள் எதற்குக் கவலைப்படுகிறீர்கள்? நீங்கள் இல்லை என்றால் எனக்கு அந்தக் கம்பெனியும் இல்லை, இந்தக் குடும்பமும் இல்லை. அதை மறந்துவிடுவேனா?

என்றும் உங்கள்
மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

பதவிக்கு வாழ்த்து. நீ கெட்டிக்காரன், என்றைக்காவது வரும் என்று எனக்குத் தெரியும். அது இந்த மாதத்தில் வந்ததுதான் நெருடுகிறது.

நேற்று தங்கை போன் செய்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, சிரித்துக்கொண்டே, "அண்ணே, உங்க மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. காலையில எந்திரிச்சு சமையலறை ஜன்னலுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்காரு. நான் அஞ்சு வருஷமா கேட்டும் ஒரு ஆணி அடிக்காத மனுஷன்" என்றாள்.

 அப்படியா என்றேன். போனை வைத்துவிட்டு உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

பெயின்ட் அடித்துவிட்டேன் என்று நீ எனக்கு எழுதியது பதினொன்றாம் தேதி. அடித்தது பதினாறாம் தேதி. எழுதிய பொய்யை உண்மையாக்க இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறாயே, அப்பா.

மஞ்சள் எங்கே இருந்தது என்று நம் இருவருக்கும் தெரியும். அந்தத் தகட்டை மாட்டிய பிறகு, யாரும் கழற்றக்கூடாது என்று ஸ்குரூவின் மேலேயும் சேர்த்து மஞ்சள் பூசினோம். நீ பிரஷ் பிடித்தாய், நான் டப்பா பிடித்தேன். அந்த ஸ்குரூவைக் கழற்றினால் முனை உடையத்தான் செய்யும், பெயின்ட் மூட்டில் ஏறத்தான் செய்யும்.

முதல் தடவை பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நீ என்பதால் தட்டவில்லை. அந்தத் துணுக்கை வைத்துக் கேலி செய்து எழுதினேன் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு துணியை எடுத்துத் துடைத்து அனுப்பியிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. பார்க்காமல் விட்டாயா, பழக்கத்தில் அனுப்பினாயா, இல்லை நானே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அனுப்பினாயா? எத்தனை முறை யோசித்தாலும் விளங்கவில்லை.

முதலாளி சொல்லிச் செய்திருப்பாய். நீயாகச் செய்கிற ஆள் இல்லை. அதை விசாரணையில் சொல்லிவிடு. கழற்றச் சொன்னவர் பெயரைச் சொன்னால் உன் வேலைதான் போகும். என் வேலை போகவில்லையா? இருவரும் சேர்ந்து தேடுவோம். நான் உன்னை விட மாட்டேன். ஆனால் அது வேறு ஏதோ பெயின்ட் என்று மட்டும் மறுபடி எழுதிவிடாதே.

மச்சான்


மார்ச் 22

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தனியாக இருந்து இருந்து எதையெல்லாமோ போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். கத்தியில் எழுத்தா எழுதியிருக்கிறது? கத்தியைப் படிப்பது நாம் விளையாட்டுக்குச் செய்தது. அதைக் கொண்டுபோய் ஆபீஸ் விஷயத்தில் ஒட்டவைத்தால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதிகம் பேச வேண்டாம். உங்கள் தங்கை வாழ்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். அவள் நிம்மதிக்குக் கேடு வருகிற மாதிரி நீங்கள் எதுவும் செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மற்றவை நேரில்.

மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் சாட்சி சொல்லி முடித்ததும் முதலாளியின் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

நீங்கள் அழகாகப் பேசினீர்கள். "அவருக்குப் பழைய கத்தின்னா உசுரு சார். எப்பவும் சட்டைப் பையில இருக்கும். அதுல ஸ்குரூ டிரைவரும் உண்டு. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டாரு." என் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொன்னீர்கள். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்பதும் உண்மைதான். உங்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன்.

தகட்டைக் கழற்றியது நான்தான் என்று முதலாளி எழுதிக்கொடுத்தது மட்டும்தான் அதுவரை என் மேல் இருந்த குற்றம். அதை எந்தக் கருவியால் கழற்றினேன் என்பதையும் நீங்கள்தான் கையில் எடுத்துக் கொடுத்தீர்கள். முதலாளிக்குக்கூட அது தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது, நம் பைக்குள் என்ன இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பி, கத்தி இருக்கிறதா என்று கேட்டார். எடுத்து மேஜைமேல் வைத்தேன். எல்லா அலகையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உடைந்த முனையைப் பார்த்தார், மஞ்சளையும் பார்த்தார். "இது உங்களுதுதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது, தங்கை வாழ்கிற வீடு. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் எதிரே அந்தப் பெண் இருந்தாள். கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, நான்தான் அவள் விரலை எடுத்தவன் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் போனால் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்ப்பாள். அதனால் சொன்னேன். கத்தி என்னுடையது, ஆனால் ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை என் மாப்பிள்ளையிடம் இருந்தது, என்னிடம் ஒற்றை அலகுக் கத்திதான் இருந்தது என்றேன்.

முதலாளியின் வக்கீல் சிரித்தார். "கத்தியை மாத்தி மாத்தி வெச்சுப்பீங்களா? இதுக்கெல்லாம் யாரு சாட்சி?" என்று கேட்டார்.  உங்களைத் தவிர எனக்கு வேறு சாட்சி ஏது?

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் சாட்சி சார்."

அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அதிகாரி, "யாரும்மா நீங்க?" என்றார். "இப்ப சாட்சி சொல்லிட்டுப் போனாரே, அவரோட பொண்டாட்டி" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "துவைக்கிறதுக்கு முன்னாடி சட்டைப் பையைத் துழாவுறது நான்தான் சார். ஆறு மாசமா அந்தக் கத்தியை எடுத்து அலமாரியில வைக்கிறது நான்தான். அந்தப் பொண்ணுக்கு அடிபட்டதுக்கு முதல் நாள் ஞாயித்துக்கிழமை, கம்பெனி லீவு. ஆனாலும் அவரு சட்டையை மாட்டிக்கிட்டு, அலமாரியில இருந்த கத்தியை எடுத்துக்கிட்டு கிளம்பினாரு. முதலாளி கூப்பிட்டாருன்னு சொன்னாரு. திரும்பி வந்தப்ப முனை உடைஞ்சிருந்துச்சு. எங்கண்ணன் கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு நான்தான் கேட்டேன்."

வக்கீல் அதன் பிறகு சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். கத்தியை அதிகாரி காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் முதலாளியையும் உங்களையும் மறுபடி கூப்பிடுவார்களாம்.

வெளியே வந்து அவளிடம் சத்தம் போட்டேன். நீ ஏன் வந்தாய், உன் வாழ்க்கையை ஏன் கெடுத்துக்கொண்டாய் என்று.  அவள் கையில் ஒரு பெரிய பை இருந்தது. வாங்கிப் பார்த்தேன், துணிமணி. காலையில் நீங்கள் கிளம்பியதுமே எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். உங்கள் சாட்சியைக் கேட்டுக் கோபத்தில் எடுத்த முடிவு, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நீங்கள் ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். என்ன சொல்வீர்கள் என்று தெரிந்தேதான் அவள் வந்தாள்.

இப்போது என் அறையில் இருக்கிறாள். அவள் சொல்லி நான் இதை எழுதவில்லை, எழுதவே வேண்டாம் என்றுதான் சொன்னாள். அழைத்துப் போக வராதீர்கள். கதவைத் திறக்க மாட்டாள், நானும் திறக்கச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்