இரண்டாம் நடைமேடை

அன்புச் சிட்டுவுக்கு,

நான் சௌக்கியம். உன் பல்வலி தேவலையா? அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாளா?

விடுப்பு இந்தத் தடவையும் தள்ளிப்போய்விட்டது. பாஸ்போர்ட் மேலாளரின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. என்னைவிட அதற்குத்தான் காவல் அதிகம். கவலைப்படாதே, பொழுதுபோக்கு ஒன்று பிடித்துவிட்டேன். கட்டிலுக்கடியில் பலகை போட்டு பொம்மை ரயில் ஓட்டுகிறேன். என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர், "ஊருக்குப் போக வண்டி கிடைக்கலேன்னு நீயே செய்றியாப்பா?" என்கிறார்.

கற்றுக்கொள்வதுதான் பெரும்பாடு. வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். கடைசியில் பொம்மை ரயில் விற்கும் கடைக்காரர்தான் புதியவர்களுக்கான புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். "தண்டவாளம் போடறதை இது சொல்லிக்குடுக்கும். ஸ்டேஷன் கட்டணும்னா அந்த ஊர்ல இருக்கறவங்களைக் கேளுங்க" என்றார்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நம் ஊர் ஸ்டேஷனைப் படம் எடுத்து அனுப்பு. முதல் நடைமேடை வேண்டாம். அதை, என்னை வழியனுப்ப வந்தபோது நீ சாய்ந்து நின்ற தூண்வரை, ஞாபகத்திலிருந்தே கட்டிவிட்டேன். ஊருக்கு வரும் வண்டி இரண்டாவதில்தானே நிற்கும்? அந்தப் புது ஸ்டேஷனில் நான் ஏறியதோடு சரி, வந்து இறங்கியதே இல்லை.

வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். மறக்காமல் எழுது: அங்கே இறங்கினால் வாசல் எந்தப் பக்கம்?