உள்ளே போகாத சர்க்கரை

1956 ஜூன் 11, ஓசூர்

காலையில் நீலக் கரைசலில் சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். பச்சை. சர்க்கரை கொஞ்சம்தான், பரவாயில்லை. தொடையில் ஊசி போட்டுக்கொண்டேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேழ்வரகு புடைத்தாள்.

பெங்களூரில் இண்டர்மீடியட் படிக்கையில், மாசி மாதம் மயங்கி விழுந்து இந்த வியாதியோடு வீடு வந்ததிலிருந்து இப்படித்தான். அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை?

ஜூன் 14

கல்லூரிப் புத்தகத்தைத் திறந்தேன். களியும் சோறும் சர்க்கரை மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலிதான். வயிறும் குடலும் அதைக் கழற்றி ரத்தத்தில் விடுகின்றன. அங்கிருந்து செல்லுக்குள் போக இன்சுலின் வேண்டும். எனக்கு அது சுரப்பதில்லை. ரத்தம் நிறையச் சர்க்கரை, செல்கள் பட்டினி.

யாரோ ஒருத்தியைப் பற்றிப் படிப்பதுபோல் படித்தேன்.

ஜூன் 19

மழை இல்லை. மருந்து சூடேறாமல் இருக்க, புட்டி வைத்த மணல் பானைக்குத் தண்ணீர் தெளித்தேன்.

ஜூலை 2

சரசம்மா அத்தை ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறாள். திம்மராயன், ராயக்கோட்டைக்காரர், கிருஷ்ணகிரி தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஊசி விஷயம் வெளியே போகக் கூடாது என்று அம்மாவும் அத்தையும் பேசி முடித்துவிட்டார்கள். தாலி ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாமாம். அப்பா பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை.

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன்?

ஜூலை 15

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்திருக்கிறதாம். திம்மராயன் என்ன படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஏன் நிறுத்தினாய் என்றார். அம்மா முந்திக்கொண்டு, எனக்குப் பெங்களூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

ஆகஸ்ட் 6

ராயக்கோட்டையில் அவர்கள் வீட்டுப் பக்கம் மாரியம்மன் பண்டிகை. எங்களை வந்து தங்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஊசியைக் கொதிக்க வைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

"அந்த மருந்தத் தண்ணியில கலந்து குடிச்சா ஆவாதா?"

ஆகாது என்றேன். இன்சுலின் ஒரு புரதம், அமினோ அமிலங்கள் கோத்த சரம். வாய்வழி போனால் வயிறு அதைத் துவரம்பருப்பு மாதிரி செரித்து உதிர்த்துவிடும். ரத்தத்துக்கு இன்சுலினாகப் போய்ச் சேராது. மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். பிறகு, "ரெண்டு நாளுதானே, சாந்தா. ஊசி இல்லாம சமாளிச்சுக்க."

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் பெட்டியில் ஊசியை வைக்கவில்லை. சாக வேண்டும் என்றில்லை. எதிர்த்துப் பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

ராயக்கோட்டையில் முதல் நாள் ஒப்பட்டு வைத்தார்கள், வெல்லப் பூரணம் வைத்த போளி. தின்றேன். ராத்திரி முழுக்கத் தாகம். மறுநாள் வாந்தி, மூச்சு வாங்கியது, வாயில் அழுகிய பழ வாடை. சர்க்கரை உள்ளே போகாததால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அது சரியாக எரியாமல் ரத்தம் புளிக்கிறது — புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் தெரிந்தது. பயமே இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

திம்மராயனின் அம்மா நாராயணம்மா, கண்ணு பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அவர் கை என் நெற்றியில் சில்லென்று பட்டது. அந்தக் கை பட்டதும் — பொய் போதும் என்று ஆகிவிட்டது. பேசாதே என்று என் அம்மா மணிக்கட்டை அழுத்தினாள்.

சொன்னேன். "எனக்குச் சர்க்கரை வியாதிங்க. தினமும் ஊசி போடணும். ரெண்டு நாளா போடல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

திம்மராயன் சட்டையை மாட்டிக்கொண்டு கார் தேடி ஓடினார். அப்புறம் எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 18

திம்மராயன் வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"மொதல்லயே சொல்லியிருந்தா எங்கம்மாகிட்டப் பேசிப் பாத்திருப்பேன். இனிமே முடியாதுங்க."

தப்பு எங்கள்மேல்தான் என்றேன். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 27, ஓசூர்

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோபமா? இல்லை, பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்துகிறாள்.

செப்டம்பர் 9

ஊசி. களி. தூக்கம்.

அக்டோபர் 3

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று அம்மாவே கேட்டாள். மாட்டிலிருந்து என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள். "அது பசுவோ எருதோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். இருக்காது, அறுத்துத்தான் எடுப்பார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 4

மொழிவாரியாக ராஜ்ய எல்லையெல்லாம் பிரித்தாயிற்று, ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே இருக்கிறது என்று அப்பா பேப்பர் படித்துச் சொன்னார். ஜூனில் மறுபடி கல்லூரியில் சேரட்டுமா என்று கேட்டேன். "போ" என்றார். அவ்வளவு சுலபமாக.

நவம்பர் 21

சரசம்மா அத்தை இன்னொரு வரனோடு வந்தாள். சாமல்பட்டிப் பக்கம், நிலம் நீச்சு உள்ள குடும்பமாம். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். இந்த முறையாவது அவளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல் என்று அத்தை தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"எம்பொண்ணு ஊசி போட்டுக்கறவ, சரசு. மொத வார்த்தையே அதச் சொல்லு. கேட்டுட்டு வர்றவன் வரட்டும். இல்லாட்டி அவ படிக்கட்டும்."

கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. மாசியிலிருந்து வராத அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அரிசி அப்படியே கிடந்தது.