மரத்துக்கு ஒரு பேரீச்சம்பழம்

எல்கனா,

பருப்பு சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். தலியாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

நேற்று நீ இரவு வேலைக்குக் கிளம்பும்போது, "ரெண்டு வயசுக் கொழந்தைக்குப் பண்டிகை என்ன புரியும்? வீடெல்லாம் சேறு!" என்று கத்தினேன் அல்லவா? இன்று தூ பிஷ்வாத், மரங்களின் பிறந்தநாள் பண்டிகை. தலியா எழுந்ததும், பண்டிகைக்கென்று நான் கொடுத்த பேரீச்சம்பழத்தைத் தின்னாமல் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். நேற்று நீங்கள் இருவரும் விளையாட்டாக நட்ட வாதுமைக் கன்றின் அடியில் வைத்து, "மரக்குட்டி, இன்னிக்கு உனக்குப் பொறந்தநாளு. சாப்பிடு!" என்றாள். பிறகு கன்றில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"என்னடி சொல்லுது?" என்றேன்.

"அப்பா எங்கன்னு கேக்குது."

எப்படியப்பா சொல்லிக்கொடுத்தாய்? எனக்கு இது வராது.

ஷிரா

இன்னொன்று: தூங்கி எழுந்ததும் இன்னொரு கன்று வாங்கி வா. சாயங்காலம் நானும் சேற்றில் இறங்குகிறேன்.