இருபத்திரண்டுக்கு மாறிய என் நாற்பத்தைந்து

பியூட், மொன்டானா
மார்ச் 9

அன்பு மகள் கோலீனுக்கு,

அம்மா நலம். நீயும் பிள்ளைகளும் ஃபீனிக்ஸில் சுகம்தானே? இங்கே இன்னும் முழங்கால் அளவு பனி. சமையலறைக் குழாய் ஒருமுறை உறைந்தது, நானே சரிசெய்துவிட்டேன். அது கிடக்கட்டும். நேற்று துப்பாக்கி சுடும் போட்டியில் ஹெலீனா ஊர் அணியைத் தோற்கடித்துவிட்டோம்! இரண்டே புள்ளி வித்தியாசம். ஜெயிக்க வைத்தது உன் அம்மா. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல ஆள் இல்லாமல் காகிதத்தில் கத்துகிறேன்.

என் மணிக்கட்டு ஆபரேஷன் முடிந்ததும், பிஸ்டலை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி எழுதினாயே, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் டாக்டரும் என் நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டலின் உதையை இந்தக் கை தாங்காது என்றுதான் சொன்னார். கேட்காமல் ஒரு மேகசின் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தேன். மறுநாள் காபிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியவில்லை. எங்கள் அணித் தலைவன் டூஷன் மிலோவிச் என் இடத்துக்கு வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டான். அன்று கார் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், இப்போது சொல்வதற்கென்ன.

வேறு துப்பாக்கி வாங்கியிருக்கலாம்தான். ஆனால் இருபத்தாறு வருஷமாக என் விரலுக்குப் பழகிய விசை இது. ரிப்பேர் கடை வைத்திருக்கும் அய்னோ கங்காஸிடம் கொண்டுபோய் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விசையும் கைப்பிடியும் அப்படியே இருக்கட்டும் நோரீன், மேல்பாதிய மட்டும் மாத்திடலாம்" என்றாள். முன்பின் நகரும் ஸ்லைடு, குழல், மேகசின் எல்லாம் சேர்ந்த தொகுப்பாகவே விற்கிறார்கள். பழையதைக் கழற்றிவிட்டு, போட்டிக்கென்றே செய்த தடித்த குழலோடு புதியதை மாட்டிக் கொடுத்தாள். இப்போது அது இருபத்திரண்டு காலிபர். தோட்டா பென்சிலைவிட ஒல்லி. கைக்கு உதையே தெரிவதில்லை.

டூஷன் பார்த்துவிட்டு, "என்ன நோரீன், பீரங்கிய வித்துட்டு கொசு அடிக்கிற மெஷின் வாங்கிட்டியா?" என்றான்.

"முதல்ல கொசுவ அடிக்கிறேன், அப்புறம் உன் ஸ்கோரை அடிக்கிறேன்" என்றேன்.

எங்கே அடித்தேன்! முதல் பத்து குண்டும் இலக்கின் கருவட்டத்துக்குக் கீழே போய் விழுந்தன. அய்னோ ஏதோ சொதப்பிவிட்டாள் என்று நினைத்து, அவள் கடைக்கே போய் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். அவள் என்னோடு சுடுதளத்துக்கு வந்து, நிஜத் தோட்டாவோடு மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவையும் கலந்து மேகசினை நிரப்பிக் கொடுத்தாள். மூன்றாவதாக வந்தது வெற்று. சத்தமே இல்லை, ஆனால் குழலின் முனை மட்டும் வெடுக்கென்று கீழே குனிந்தது.

"பாத்தியா? வராத உதைக்கு உன் கை முன்னாடியே முட்டுக் கொடுக்குது, அதான் முனை குனியுது. என் வேலையில ஒரு கோளாறும் இல்ல, போ" என்றாள். மானம் போயிற்று. மன்னிப்புக் கேட்டேன், பெண்ணே, கடைக்குத் திரும்பிப் போய் அந்த நாலு பேர் முன்னாலேயே கேட்டேன்.

பிறகு ஏழு வாரம், திங்களும் வியாழனும் அதே பயிற்சி. எது நிஜம், எது வெற்று என்று தெரியாமலே சுட வேண்டும். டூஷன் அரைமனதாக இன்னொரு வாய்ப்புக் கொடுத்தான். நேற்றைய போட்டியில் சொதப்பினால் அணியில் என் பெயர் இருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டான்.

கடைசிச் சுற்று, பத்து நொடியில் ஐந்து குண்டு. நாலாவது வெடிக்கவில்லை. இந்தச் சின்னத் தோட்டாக்கள் சில நேரம் இப்படிக் கழுத்தறுக்கும். விதிப்படி இடது கையை உயர்த்தி நின்றேன். நடுவர் வந்து சரிபார்த்து, ஐந்தையும் மறுபடி சுட அனுமதி கொடுத்தார். டூஷன் பின்னாலிருந்து என் காது மூடியை விலக்கி, "நோரீன், குண்டு வெடிக்காதப்போ உன் குழல் அசையவே இல்ல! மயிரிழைகூட அசையல!" என்றான். அந்த நிமிஷமே நான் ஜெயித்தாயிற்று. மறுபடி சுட்ட ஐந்தும் கருவட்டத்தின் நடுவில்! அய்னோ விசிலடித்தாள். டூஷன் எல்லோருக்கும் சுடச்சுட இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்கிக் கொடுத்தான், எனக்கு மட்டும் இரண்டு.

உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, கோலீன். இந்தக் கையால் இன்னும் ஜாடி மூடியைத் திறக்க முடியாது, பனி தள்ளப் பக்கத்து வீட்டாரைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் எது முடியும், எது முடியாது என்று நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன். ஏப்ரலில் என் சாமான்களை ஏற்ற லாரி பிடித்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். லாரி வேண்டாம், கண்ணே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா வா. ஒரு வாரம் இரு, நான் சுடுவதை வந்து பார். பிறகு அம்மாவை மனசார இங்கேயே விட்டுவிட்டுப் போ.

நீங்கள் எல்லோரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

பாசமுள்ள அம்மா,
நோரீன்